பாலுக்கு இருப்பது தக்காளிக்கு இல்லை

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், பொழுது புலர்வதற்கு முன்பே திறந்துவிடும் பால் சங்கத்தின் வாசலில் மார்கழிக் காலை ஒன்றில் நான் நின்றுகொண்டிருந்தபோது, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு தூக்குவாளியுடன் வந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், தம் இரண்டு பசுக்களின் பாலை அங்கிருந்த ஊழியரிடம் ஊற்றிவிட்டு, அவர் சிறு குப்பியில் மாதிரி எடுத்துக் கருவியில் வைத்துக் கொழுப்புச் சத்தைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரையில் பொறுமையாகக் காத்திருந்தார். சீட்டு கைக்கு வந்ததும், பத்து நாள் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டு எனக்கும் சொன்னார். அவருக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நிலமும் அதில் ஒரு கிணறும் உண்டு. அந்த வாரம் நிலத்தில் தக்காளி பழுத்துக் கிடந்தது. அது என்ன விலைக்குப் போகும் என்று கேட்டேன். "அது மண்டிக்குப் போனாத்தான் சார் தெரியும்" என்றார்.

அந்தப் பதிலை நான் பல நாள் மனத்தில் சுமந்துகொண்டிருந்தேன். ஒரே குடும்பம், ஒரே உழைப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர்; ஆயினும் பாலைக் கறக்கும்போதே அதன் வரும்படியை ஓரளவு நிச்சயமாக அறிந்திருக்கிற அந்த அம்மாள், நாற்று வாங்கி, கொடி கட்டி, மருந்தடித்து, மூன்று மாதம் கண் விழித்துக் காத்த தக்காளியின் விலையை மட்டும் முன்பின் அறியாத ஒருவருடைய வாயிலிருந்து வரும் வரைக்கும் அறியமாட்டார் என்றால், சிறு விவசாயியின் வறுமைக்குக் காரணம் அவருடைய நிலத்தின் குறுகிய விஸ்தீரணமோ அவருடைய அறியாமையோ மாத்திரம் அன்று; அவரைச் சுற்றி நாம் எதைக் கட்டினோம், எதைக் கட்டாமல் விட்டோம் என்பதே பிரதான காரணம் என்று எனக்குப் படுகிறது.

2015–16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நிலவுடைமைகளில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை; தமிழ்நாட்டிலோ அது 93. நம் மாநிலத்தின் சராசரி உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2018–19ஐ ஒட்டி மத்திய அரசின் புள்ளியியல் துறை எடுத்த கணக்கில், இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று கண்டார்கள். இதில் பயிர் செய்து கிடைத்தது 3,798 ரூபாய். கூலிக்கும் சம்பளத்துக்கும் போய்ச் சம்பாதித்தது 4,063 ரூபாய். ஆடு மாடு கோழியினால் வந்தது 1,582 ரூபாய். விவசாயி என்று நாம் அழைக்கிற மனிதர் தம் நிலத்தில் சம்பாதிப்பதைவிடப் பிறர் வேலையில் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதை இந்தக் கணக்கு நமக்குச் சொல்லுகிறது. விளைச்சலைப் பெருக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள், அந்தப் பயிர் வருமானத்தைக் கால் பங்கு உயர்த்தினாலும் மாதத்துக்கு 950 ரூபாய்தான் கூடும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரும், கால்நடையும், கடனும், சந்தையும், உபதொழிலும் ஒரே ஊரில், ஒரே பருவத்தில், ஒரே குடும்பத்தின் கையில் ஒன்றுகூடினாலன்றி அந்தக் குடும்பத்தின் ஜீவனம் உயராது.

இது புதிய ஞானம் அன்று. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டத்தை நம் தேசம் தொடங்கியபோதே, கிராமத்தின் விவசாயம், சுகாதாரம், கல்வி, சாலை எல்லாவற்றையும் ஒன்றாகவே நோக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இன்றைய வட்டார வளர்ச்சி அலுவலகம் அதன் சந்ததியே. பிறகு, 1980இல் அதே அக்டோபர் 2ஆம் தேதி, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. பெயரில் ஒருங்கிணைப்பு இருந்தது. காரியத்தில் நடந்ததோ, மானியமும் வங்கிக் கடனும் சேர்த்து ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாட்டையோ சில ஆடுகளையோ வாங்கிக் கொடுத்தது. தீவனம் எங்கே, மாட்டுக்கு நோய் வந்தால் டாக்டர் எங்கே, கறந்த பாலை வாங்குகிறவர் எங்கே என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் கட்டிய மாடு, கோடை வந்ததும் மெலிந்தது. பிறகு சந்தைக்குப் போனது. கடன் மாத்திரம் பேரேட்டில் தங்கியது. "மாட்டு லோன்" என்ற சொல் பல ஊர்களில் இன்றும் கசப்போடு சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். 1999இல் அத்திட்டம் வேறொரு திட்டத்தில் கலந்துவிட்டது.

அதே மாடு வேறிடத்தில் எப்படிக் குடும்பங்களை நிமிர்த்தியது என்பதையும் பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, குஜராத்தின் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்து, 1931இல் அந்த ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். குடியானவர் குடும்பங்களின் வரவு வாய்க்கும் வயிற்றுக்குமே எட்டாதிருந்த நிலைமை அதில் பதிவாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1946இல், அதே கேடா மாவட்டத்தின் ஆனந்தில், வியாபாரிக்குப் பால் ஊற்ற மறுத்த குடியானவர்கள் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் தங்களுக்கென்று ஒரு பால் சங்கத்தை அமைத்தார்கள். அங்கே மாடு தனியாக வரவில்லை. ஊர்ச் சங்கம், குளிரூட்டும் நிலையம், பால்பொடித் தொழிற்சாலை, கலப்புத் தீவன ஆலை, சினை ஊசி, மாட்டு மருத்துவர், நகரத்துச் சந்தை, தவணை தவறாமல் வரும் பணம் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்தன. அவற்றின் எஜமானர்களாகப் பால் ஊற்றியவர்களே இருந்தார்கள். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த முறையைத் தேசமெங்கும் கொண்டுசென்றது. பாலக்கோட்டு அம்மாளின் கையிலிருந்த சீட்டு அந்த நெடிய வரலாற்றின் ஒரு துண்டு.

பாலுக்கும் காய்கறிக்கும் உள்ள வித்தியாசத்தை ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் காசுக் கணக்காகவே காட்டுகின்றன. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விளைவித்தவருக்குச் சுமார் 33 காசும், வெங்காயம் விளைவித்தவருக்கு 36 காசும், உருளைக்கிழங்கு விளைவித்தவருக்கு 37 காசும் சேருகின்றன. பாலிலோ ஏறக்குறைய 70 காசு சேருகிறது. பால் ஒரு வேளைக்குள் கெட்டுப்போகிற பண்டம், தக்காளியைவிட நாசமடையக்கூடியது. ஆகவே, காய்கறி அழுகும் பொருள், அதற்கு என்ன செய்ய முடியும் என்று அதிகாரிகளும் வியாபாரிகளும் சொல்லும் சமாதானத்தை நான் ஏற்கவில்லை.

தக்காளி விலை இறங்கும் நாளில் என்ன நடக்கிறது? 15 கிலோப் பெட்டி ஒன்று அறுபது ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, ஏற்று கூலி இறக்கு கூலி, மண்டிக் கமிஷன் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் விவசாயியின் மடியில் விழுவது எவ்வளவு என்பதை அவரே கணக்குப் பார்த்து, பறிக்காமல் விட்டுவிடுவதே லாபம் என்று தீர்மானித்து, தோட்டத்துக்குள் ஆட்டை ஓட்டிவிடுகிறார். இப்படி ஆடு மேய்ந்த தக்காளித் தோட்டத்தின் வரப்பில் நான் நின்றிருக்கிறேன். காலடியில் நசுங்கிய பழங்களின் புளித்த வாசனை இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ, மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலைகள் மாங்காய்ப் பருவத்துச் சில மாதங்கள் ஓடிவிட்டு மற்றக் காலத்தில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கின்றன. விலை விழும் வாரங்களில் அந்த ஆலைகளையும் அந்தத் தக்காளியையும் சந்திக்கச் செய்வதற்கு, ஒரு குறைந்தபட்ச விலையும், அதை எடுத்து நடத்தும் விவசாயிகளின் அமைப்பும், அந்த அமைப்புக்கு நடைமுறை மூலதனமும் வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் உள்ளன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வரத்துக்கால் ஓடிவரும் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு உரியது. அந்த நீர் பிறக்கும் கரடு சில இடங்களில் வனத் துறைக்கு உரியது. கரையைப் பலப்படுத்திக் கலுங்கைப் புதுப்பித்துப் பளபளப்பாகத் திறந்துவைத்த ஏரி, வரத்துக்காலில் அடைப்பு நீங்காததால் நிரம்பாமலேயே கிடப்பதை எந்த மாவட்டத்திலும் காணலாம். மடை திறந்து வயலுக்கு வயல் நியாயமாகத் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுத்த காலத்தில், ஏரி முழுவதும் ஒரே சொத்தாக ஊரின் கண்ணில் இருந்தது. வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்று 2024இல் தமிழக அரசு எளிதாக்கியது நல்ல காரியம். ஏரியும் ஆழப்படும், மானாவாரிக் கொல்லையும் வளப்படும். ஒரு சிறிய அதிகாரத்தை விவசாயியின் அருகில் கொண்டுவந்து வைத்ததால் விளைந்த நன்மை இது.

இப்போது நடப்பது என்னவென்றால், ஒருங்கிணைக்கும் வேலையை அந்த இரண்டு ஏக்கர்க்காரரே செய்துகொண்டிருக்கிறார். சிட்டாவும் அடங்கலும் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம், சிறு குறு விவசாயி சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு, விதைக்கு வேளாண் விரிவாக்க மையத்துக்கு, சொட்டுநீருக்குத் தோட்டக்கலைத் துறைக்கு, பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, மாட்டுக்குக் கால்நடை மருந்தகத்துக்கு என்று, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து அவர் அலைகிறார். சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் இங்கே உண்டு. குழாயில் ஓடக் கிணற்றில் நீர் இருக்கிறதா என்பது வேறொரு துறையின் கேள்வி. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்களின் கதி இதனினும் பரிதாபமானது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி நிதி முதலாகப் பல சகாயங்களும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கின்றன. பாலக்கோட்டு அம்மாளின் ஒன்றே முக்கால் ஏக்கரும் மாமனார் பெயரிலேயே இருந்தது. நாற்று நட்டதும் களை எடுத்ததும் அவர் கைகள்.

அரசாங்கத்துக்கு இது புரியாமல் இல்லை. 2021–22இல் தமிழகத்தில் தொடங்கிய கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 12,525 ஊராட்சிகளையும் தொடுவது என்றும், தரிசுகளைத் தொகுப்பாகச் சேர்த்து நீராதாரம் உண்டாக்கிப் பயிரிடச் செய்வது என்றும், பல துறைகளின் வேலையை ஒரே ஊராட்சியில் குவிப்பது என்றும் வகுக்கப்பட்டது. கொள்கை சிலாக்கியமானது, அதை மனமார வரவேற்கிறேன். என் மனக்குறை ஒன்றே. தென்னங்கன்று எத்தனை, தார்ப்பாய் எத்தனை, தெளிப்பான் எத்தனை என்று கொடுத்த பொருளின் எண்ணிக்கையால் இத்தகைய திட்டங்கள் அளக்கப்படுகின்றனவே தவிர, அந்த ஊரின் சிறு குடும்பத்துக்குச் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எவ்வளவு ரூபாய் மிஞ்சியது என்று எவரும் அளப்பதில்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு நிர்வாகச் செலவுக்காக 18 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. மூன்று ஆண்டு போதாது. கேடாவில் ஊன்றிய விதை தேசமெங்கும் பரவத் தொடங்கவே ஏறக்குறையக் கால் நூற்றாண்டு பிடித்தது. அங்கே தேர்ந்த நிர்வாகிகள் ஆயுள் முழுவதையும் கொடுத்தார்கள். முந்நூறு விவசாயிகளைப் பங்குதாரர்களாகச் சேர்த்து, ஓர் இளம் பட்டதாரியைச் சொற்பச் சம்பளத்தில் நிர்வாகியாக அமர்த்தி, நான்காம் ஆண்டில் சொந்தக் காலில் நில் என்று விட்டுவிட்டால், அந்த நிறுவனம் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையாகச் சுருங்கிவிடுகிறது. குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு நிர்வாகிகளின் ஊதியத்தை அரசே ஏற்க வேண்டும். 1989இல் இதே தர்மபுரி மாவட்டத்தில்தான் தமிழகத்தின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முளைத்தன. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பேணியதால் அவை நிலைத்தன. அந்தக் குழுக்களையே இந்த நிறுவனங்களின் அஸ்திவாரமாகக் கொள்வதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

சிறு விவசாயி நிலத்தை விட்டு ஆலைக்குப் போவதே நல்லது என்று வாதிப்பவர்கள் உண்டு. நல்ல வேலை கிடைத்தால் பிள்ளைகள் போகட்டும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தாயும் தகப்பனும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய் எந்த ஆலையில் சேர்வார்கள்? அவர்கள் ஊரிலேயே இருக்கப் போகிறார்கள். அங்கேயே அவர்கள் கௌரவமாக ஜீவிக்க வழி செய்வது நம் கடமை.

1952இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கிய, 1980இல் இன்னொன்று நாடெங்கும் விரிந்த அதே அக்டோபர் 2ஆம் தேதியில், தமிழகத்தின் ஊராட்சிகள் ஆண்டுதோறும் கிராம சபை கூட்டுகின்றன. வருகிற கூட்டத்துக்குப் போகும் சிறு விவசாயிகள், முக்கியமாகப் பெண்கள், எத்தனை கன்று வழங்கப்பட்டது என்ற பட்டியலைக் கேட்டுவிட்டுக் கலைந்துவிடாமல், நம் ஏரி இந்த ஆண்டு எத்தனை ஏக்கருக்குப் பாய்ந்தது, பால் சங்கத்துக்கு எத்தனை லிட்டர் போயிற்று, தக்காளிப் பெட்டிக்கு மாதவாரியாக என்ன விலை கிடைத்தது, குத்தகைக்காரர் எத்தனை பேருக்குக் கடன் கிடைத்தது என்ற நான்கு கணக்குகளையும் எழுதி வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். மறு ஆண்டு அதே நாளில் அந்தக் கணக்கை மறுபடியும் கேளுங்கள்.