பழைய காரும் புதிய வேகமும்

பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொல்லைக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருக்கும் தஞ்சை வாலிபரைப் பெற்றோர் கோபிக்க வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, ஹோட்டலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டியே யந்திர வித்தை பயின்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அவ்வூர்க் கரிவர்தனோ, 1988-ல் மாருதி 800 இஞ்சினைக் கொண்டு பந்தயக் காரே சமைத்துவிட்டார்!

ஆனால், வாலிபருக்கும் ஒரு வார்த்தை. இஞ்சினின் வேகத்தைக் கூட்டுவதுதான் முதல் ஆசையாக இருக்கும். அது கடைசி வேலையாகவே இருக்கட்டும். ஈரத்தில் துருவேறிய அடிச்சட்டத்தை முதலில் செப்பனிடுங்கள். அடுத்து, புது வேகத்துக்கு ஈடான பிரேக் பூட்டுங்கள். கரையைப் பலப்படுத்தாமல் மதகைத் திறப்பார் காவிரி நாட்டில் உண்டோ?