தவணை நாளில் தியானம்

மன அமைதியைக் கற்றுத்தர இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. கைபேசியில் தியானச் செயலி, அலுவலகத்தில் மாதம் ஒரு யோகா வகுப்பு, பள்ளியில் மூச்சுப் பயிற்சி, புத்தகக் கடையில் கவலையை வெல்லும் வழிகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: அமைதி உனக்குள்ளேயே இருக்கிறது, நீதான் தேடவில்லை. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பழியும் ஒளிந்திருக்கிறது. தூக்கம் வராதவர், வீட்டில் எரிந்து விழுகிறவர், எதிலும் மனம் ஒட்டாமல் தவிக்கிறவர் எல்லாரும் பயிற்சி போதாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். சான்றுகளைப் பார்த்தால் விஷயம் அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மனம் அமைதிப்படுவதும் கலைவதும் அடகுக்கடை ரசீதிலும் சம்பளத் தேதியிலும் தெருவின் இரைச்சலிலும்தான் தொடங்குகிறது. அங்கே கை வைக்காமல் மனத்தை மட்டும் பழக்கச் சொல்வது, பாதி வேலையைச் செய்துவிட்டு முழுக்கூலி கேட்பதுதான்.

இதற்கு நல்ல சான்று ஒன்று விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை சோதித்தார்கள். கரும்புக்காரர் கைக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை, மொத்தமாக. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் வீட்டு நகை அடகுக்குப் போகும். அறுவடைக்கு முன்பு 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்பு அப்படி இருந்தவர்கள் 4 சதவீதம். வடிவப் புதிர்களையும் கவனத்தைச் சோதிக்கும் சில பயிற்சிகளையும் கொடுத்துப் பார்த்தபோது, அதே மனிதர் அறுவடைக்கு முன்பு மெதுவாகவும் தப்பாகவும் செய்தார், பின்பு தெளிவாகச் செய்தார். பருவகாலம்தான் காரணம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. சர்க்கரை ஆலை தரும் கட்டிங் ஆர்டரைப் பொறுத்தே வெட்டு நடக்கிறது என்பதால், பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கே அறுவடை வெவ்வேறு மாதங்களில் வந்தது. இரண்டு சோதனைக்கும் நடுவில் ஆய்வாளர்கள் இந்த விவசாயிகளைக் கண்ணை மூடி உட்காரப் பழக்கவில்லை. ஆலைப் பணம் வந்தது, நகை திரும்பியது, அவ்வளவுதான்.

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். மொத்தத் தொகை ஒரு காசுகூடக் கூடவில்லை. ஆனாலும் வேலை வேகமெடுத்தது, கவனக்குறைவால் வரும் பிழைகள் குறைந்தன; அதுவும் மற்றவர்களைவிட ஏழைகளிடம் கூடுதலாக. மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு நின்றதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

தூக்கத்தின் கதியும் இதுவே. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. மணிக்கட்டில் கருவி கட்டி அளந்ததில், இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம், ஒரே அறையில் நாலைந்து பேர் என்று சென்னை இரவு எப்படி இருக்கும் என்பதை விளக்க ஆய்வாளர் தேவையில்லை. தூக்கத்தின் அருமையை எடுத்துச்சொல்லி, ஊக்கத்தொகையும் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ மனநிலையிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. வேலையிடத்திலேயே மதியம் சற்றுக் கண்ணயர அமைதியான இடம் கொடுத்தபோதுதான் உற்பத்தித் திறன், மனநலம், பொறுமை எல்லாம் மேம்பட்டன. தூக்கத்தைக் கடிகாரத்தில் கூட்டியபோது கிடைக்காதது, தொந்தரவில்லாத ஒரு படுக்கையில் கிடைத்தது.

“இதெல்லாம் வயிற்றுக் கணக்கு. ஞானிகள் வறுமையில்தானே அமைதி கண்டார்கள்?” என்பது வழக்கமாக வரும் மறுப்பு. அந்த மரபைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். பௌத்த சங்கத்தில் துறவு கேட்டு வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, உமக்குக் கடன் உண்டா என்பது. கடனாளிக்குத் துறவு கிடையாது. மனத்தின் தடைகள் நீங்கிய நிலைக்குப் புத்தர் சொல்லும் உவமைகளில் முதலில் வருபவனும் கடன் அடைத்தவன்தான். ஆளவி ஊர்க் கதை இன்னும் நேரடியானது. காணாமல்போன மாட்டைத் தேடிவிட்டுப் பசியோடு தாமதமாக வந்த ஓர் உழவனுக்கு முதலில் சோறு போடச் செய்து, அவன் உண்டு முடித்த பிறகே புத்தர் பேசத் தொடங்கினார். நம் வடலூரிலும் வரிசை இதுதான். வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியது 1867இல். சத்திய ஞான சபை வந்தது 1872இல். ஆக, ஞானிகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர்கள் எதை முதலில் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். துறவியின் ஏழ்மையும் கூலிக்காரரின் ஏழ்மையும் ஒன்றல்ல. துறவியின் குடிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் தவணை வாங்க யாரும் வருவதில்லை.

பணக்காரர்களும்தான் தூக்க மாத்திரை போடுகிறார்கள் என்ற மறுப்பு வலுவானது. உண்மைதான். வாய்ப்பான சூழல் அமைந்தவர் எல்லாரும் அமைதியாக இருப்பார்கள் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இழப்பு, நோய், பொறாமை, தனிமை இவற்றுக்கு வங்கிக் கணக்கு தெரியாது; அங்கே தியானத்துக்கும் ஆலோசனைக்கும் மருந்துக்கும் நிச்சயமாக வேலை உண்டு. 47 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு, தியானப் பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கிறது என்றே சொன்னது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட அது மேல் என்பதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. ஆகவே தியானம் வீண் என்பதல்ல என் வாதம். அதை எதற்குப் பதிலாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் அலசி 2024இல் வெளியிட்டார். நலச் செயலி, மனப்பயிற்சி வகுப்பு போன்றவற்றில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநலத்தில் நல்லபடியான வேறுபாடு தெரியவில்லை. தன்னார்வச் சேவை மட்டும் விதிவிலக்கு. வேலைப்பளு, நேரம், மேலாளர் நடத்தை ஆகியவை அப்படியே இருக்க, ஊழியரை மட்டும் சரிசெய்யப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

உலகம் மாறும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். கேட்கப்படுவது உலகத்தை மாற்றுவதல்ல, பெரும்பாலும் எழுத்தில் ஏற்கெனவே இருப்பதை நடத்துவதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, திருவிழாக்களுக்குக் கணக்கான சில நாள் விலக்கு. ஆடி மாதத்தில் எந்தத் தெருவிலாவது அந்த வரம்பை யாராவது அளந்து பார்க்கிறார்களா தெரியவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு வீடு திரும்புகிறவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதற்கு முன் அந்த நாற்காலி எங்கே என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்க வேண்டும். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அது சுயஉதவிக் குழுப் பெண்களின் வாசற்படி வரை வந்ததா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

நிறுவனங்கள் செய்யக்கூடியதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். தேதி தவறாத சம்பளம், அவசரத்துக்கு முன்பணம், இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை சொல்லாத மேலாளர், மதியம் அரைமணி நேரம் சாய ஓர் இடம். தியான வகுப்புக்கு அழைப்பு வந்தால் போகலாம், தவறில்லை. வகுப்பு முடிந்ததும், அடுத்த மாத ஷிப்ட் பட்டியலை எந்தத் தேதிக்குள் கையில் தருவீர்கள் என்று அங்கேயே எழுந்து கேட்டுவிட்டு வரலாம்.