சனிக்கிழமை ராத்திரி

விமானக் கம்பெனிகளிடம் அப்போதெல்லாம் ஒரு விதி இருந்தது. போன ஊரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி தங்கினால் டிக்கெட் சல்லிசு. வெள்ளியன்றே திரும்பினால் ரெண்டு, மூணு மடங்கு!

ஊர் சுற்றுகிறவன் சொந்தக் காசு, தங்குவான். கோட்டு போட்டவன் ஆபீஸ் காசு. வாரக் கடைசியில் வீட்டுக்கு ஓடுவான். கேட்காமலே ஆளைக் கண்டுபிடிக்கும் தந்திரம். அந்தக் கோட்டுக்காரர்களுக்காகவே குவான்டாஸ் 1979-ல் பிசினஸ் கிளாஸ் தொடங்கியது. தொலைதூர விமானங்களில் முன்னால் உட்காரும் அந்தச் சிலரால்தான், பின்னால் முட்டி இடிக்க உட்காரும் நம் டிக்கெட் கட்டுப்படியாகிறது.

1993-ல் ஆபீஸ் வேலையாக ஃபிராங்ஃபர்ட் போனேன். கிளம்புமுன்பே அக்கவுண்ட்ஸ்காரர் கணக்குப் போட்டுவிட்டார். "ரெண்டு நாள் ஓட்டல் வாடகை கொடுத்தாலும் நமக்கு லாபம் சார். ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்புங்கோ."

வெள்ளி மதியமே வேலை முடிந்தது. ஞாயிறு அங்கே கடையெல்லாம் பூட்டு. மைன் நதிக்கரையில் வாத்து எண்ணினேன். அன்றைக்குத்தான் என் பெண்ணுக்கு ஆறாவது பிறந்த நாள்.

"அப்பா, கேக்கை வெட்டட்டுமா, வைக்கட்டுமா?" என்றாள் போனில்.

பிறகு மலிவு விமானங்கள் ஒருவழி டிக்கெட்டாக விற்க ஆரம்பித்ததும் அந்த விதி பெரும்பாலும் ஒழிந்தது. அக்கவுண்ட்ஸ்காரரும் ரிடையராகிவிட்டார். கேக்? வெட்டச் சொல்லிவிட்டேன். எனக்கென்று ஒரு துண்டு ஃபிரிட்ஜில் இருந்தது.