எல்லோரும் செய்கிறார்களாம்!

"இதிலென்ன புதுமை? எல்லா அரசுகளும் ஒன்றையொன்று வேவு பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன?"

அரசுகளின் நிழலில் இயங்கும் கணினி ஊடுருவல் குழுக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களிடமிருந்து வரும் பதில் இதுதான். இராஜதந்திரிகள் சொன்னால் அது அவர்களது தொழில். செய்தி தந்தவரின் பெயரைக் காப்பதே தன் முதற் கடமையென்று பயின்ற பத்திரிகையாளனும் இதைச் சொல்லும்போதுதான் எனக்குச் சினம் மூள்கிறது.

2009 மார்ச்சில் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு குழு, 'கோஸ்ட்நெற்' என்று பெயரிட்ட வேவு வலையமைப்பை அம்பலப்படுத்தியது. 103 நாடுகளில் 1,295 கணினிகள் அதன் பிடியில் இருந்தன. வெளிநாட்டமைச்சுகள், தூதரகங்கள், அவற்றோடு தர்மசாலாவிலுள்ள தலாய் லாமாவின் அலுவலகம். வழி மிக எளியது. தெரிந்தவர் அனுப்பியதுபோல ஒரு மின்னஞ்சல், அதனோடு ஒரு கோப்பு. திறந்தால் கணினி அந்நியன் கைக்குப் போய்விடும். ஒலிவாங்கியை இயக்கி அறையில் பேசுவதைக்கூடக் கேட்கலாம்.

கட்டுப்பாட்டு வழங்கிகள் நான்கில் மூன்று சீனாவின் ஹைனான், குவாங்டொங், சிச்சுவான் மாகாணங்களில் இருந்தன, மற்றையது அமெரிக்காவில். பீஜிங் மறுத்தது. ஆய்வாளர்களும் சீன அரசின் கைவரிசையென்று அறுதியிட்டுக் கூறவில்லை. அவர்கள் நேர்மையானவர்கள். ஆனால் அறுதியிட முடியாமற் செய்வதற்குத்தானே சீருடையற்ற கைகளை அரசுகள் நாடுகின்றன?

அந்த அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. தர்மசாலாவில் திபெத்தியரின் இணையப் பரப்புரைத் திட்டமொன்றில் இரண்டாண்டுகள் பணியாற்றியவர், ஊர் திரும்புகையில் நேபாள–திபெத் எல்லையில் கைதானார். இரண்டு மாதங்கள் வெளித்தொடர்பின்றித் தடுத்துவைக்கப்பட்டார். தமக்கு அரசியலே தெரியாதென்றார். விசாரித்த அதிகாரிகள், அவர் ஆண்டுக்கணக்காக இணையத்தில் உரையாடியவற்றை எழுத்துக்கெழுத்து எடுத்து முன்னால் வைத்தார்கள்.

'ஒன்றையொன்று' என்கிறார்களே, இந்தப் பெண் எந்த அரசு? அவரிடம் எந்த ஒற்றர் படை இருந்தது?

மேற்குலகின் நீதியும் விசித்திரமானது. 2014 மே மாதம் அமெரிக்கா சீன இராணுவ அதிகாரிகள் ஐவர்மீது ஊடுருவலுக்காகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பாதிக்கப்பட்டோராக அதில் இருந்தவை, ஒரு தொழிற்சங்கம் நீங்கலாக, உருக்கு, அலுமினியம், அணுமின் முதலிய துறைகளின் நிறுவனங்கள். அதே அமெரிக்கா உலகின் மின்னஞ்சல்களை எவ்வாறு அள்ளியது என்பதை அதற்கு முந்திய ஆண்டு, 2013இல், ஸ்னோடன் வெளியிட்டிருந்தார். தன் வேவு தேசியப் பாதுகாப்பு, பிறன் வேவு திருட்டு!

அந்தப் பெண்ணை ஈற்றில் விடுவித்தார்கள். தர்மசாலாவிலுள்ள அவரது சக பணியாளர்கள் எவரும் இனித் திபெத்துக்குத் திரும்ப முடியாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.