ஓசை ஒத்துப்போனால் போதுமா?

ஆங்கில ‘எயிட்’ நம்முடைய ‘எட்டு’தானாம். வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது இந்தப் பட்டியல் வந்துவிடுகிறது. மறுத்துப் பேசினால் தமிழ்த் துரோகி.

சரி, பார்த்துவிடுவோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய ‘எஅஹ்தா’. எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறதே, செத்துப்போன அந்த ஒலியின் எலும்பு அது. லத்தீன் ‘ஆக்டோ’வும் சமஸ்கிருத ‘அஷ்ட’வும் அதன் பங்காளிகள். நம் எட்டுக்கு வேர் ‘எண்’. எண்பது, எண்ணூறு என்று தினமும் சொல்கிறோம், கவனிப்பதில்லை. பின்னோக்கிப் போகப்போக இரண்டும் விலகித்தான் போகின்றன.

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. நம்ம ஆள்காட்டிக் குருவியின் இனத்துக்கு ஆங்கிலத்தில் ‘லேப்விங்’ என்று பேர். மடியும் சிறகும் என்று பிரித்தால் என்ன அர்த்தம் வரும்? ஒன்றும் வராது. பழைய வடிவம் ‘ஹ்லேஅபெவின்செ’. முன்பாதி துள்ளல், பின்பாதி தள்ளாட்டம். அது பறக்கிற விதத்தைச் சொன்ன பேர். அர்த்தம் மறந்ததும் வாய்க்குப் பழகிய சொற்களைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். ‘நாட்’ என்ற கரைப்பறவையின் கதை இன்னும் மோசம். பதினோராம் நூற்றாண்டு அரசன் கனூட்டின் பெயரால் வந்தது என்று கேம்டன் போன்ற பெரிய அறிஞரே எழுதிவைத்தார். ஆதாரம் கிடையாது. ஆனாலும் 1758இல் லின்னேயஸ் அறிவியல் பெயரிலேயே ‘கனூட்டஸ்’ என்று ஏற்றிவிட்டார். இன்றுவரை இறங்கவில்லை.

அதேசமயம், மறைந்திருந்து சுடுகிற ‘ஸ்னைப்பர்’ என்ற சொல் ‘ஸ்னைப்’ என்கிற உள்ளான் பறவையிலிருந்து வந்தது என்றால் கட்டுக்கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் நிஜம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உள்ளான் வேட்டைக்குப் போனதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுத்தில் தடயம் இருக்கிறது, அதனால் ஏற்கிறோம். ஓசை இனிக்கிறது என்பதற்காக அல்ல.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் இப்படித் தடயத்தோடு ஆங்கில அகராதிக்குள் போன தமிழ்ச் சொற்கள். பரோவும் எமனோவும் 1961இல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டபோது ஒலி மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் தொகுத்தார்கள். அந்த உழைப்பின் மேல் குப்பையைக் கொட்டுவதற்குப் பெயர் தமிழ்ப்பற்றா?

என் அண்ணன் மகள் பள்ளிப் பேச்சுப்போட்டியில் இந்த ‘எயிட்’ கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவந்தாள். அது தப்பு என்று உட்காரவைத்து விளக்கினேன். பிறகு, ஆங்கில ‘மல்லிகடானி’ நம்ம மிளகுத்தண்ணீர்தான் என்றேன்.

“இதுவும் வாட்ஸ்அப்தானே சித்தப்பா?” என்றாள்.