ஆயிரத்துக்குக் கீழே

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது, ஆயிரம் வாசகர் சேர்ந்தால்தான் அது இதழ், இல்லையென்றால் வெறும் காகிதம் என்று யாராவது விதி போட்டிருந்தால் தமிழ்ப் புதுக்கவிதையின் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தவர் அவர். 119 இதழ்கள் வந்தன. பணக் கணக்கில் நஷ்டம். ஆனால் அந்தக் கணக்கை இன்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இசையில் இப்போது அப்படி ஒரு விதி வந்துவிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் காசு பார்க்க வேண்டுமென்றால், ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். 999 என்றால் ஒன்றுமில்லை. அதற்கு வரவேண்டியது ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளின் பங்கில் போய்ச் சேரும். நிறுவனம் சொன்ன காரணத்தைப் பொய் என்று தள்ளவும் முடியாது. அத்தகைய பாட்டுகளுக்கு மாதம் சில சென்ட்தான் வரும், அதுவும் விநியோகஸ்தரின் குறைந்தபட்சத் தொகையை எட்டாமல் நடுவிலேயே தங்கிவிடும் என்றார்கள். சரிதான். சில்லறை உரியவர் கைக்குப் போவதில்லை என்றால், போக வழி செய்வது ஒரு தீர்வு. சில்லறையே கிடையாது என்று பேரேட்டில் எழுதிவிடுவது இன்னொன்று. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேரள எல்லையோரம் வாளையாறுக்கும் குமுளிக்கும் இடையில் வாழ்கிற நமக்கு இந்த ஆயிரம் வெறும் எண் அல்ல. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர். இடுக்கியில் முதுவர், மன்னான்கள். மன்னான்கள் கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக ஆடுகிறார்கள். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடியில் ஒரு குடி முழுக்கக் கூடி உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டாலும் ஆயிரம் தேறாது. ஒரு சமூகமே கேட்ட பாட்டை உலகக் கணக்கு ‘கேட்கப்படாதது’ என்று எழுதுகிறது. பாலக்காட்டுச் சித்தூர்த் தமிழும் தேவிகுளத்துத் தோட்ட லயத்துத் தமிழும் இதைவிடக் கொஞ்சம் பெரிய கூட்டம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மலைகளில் பாட்டுக்கு நிறுவனம் வேண்டியிராத காலமும் உண்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூசுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிச் சென்றார். கூடப் போன தம்பிதான் பின்னாளில் இளையராஜா. கட்சி மேடைதான் அவர்களுக்கு விநியோகஸ்தர். கொழுந்து கிள்ளி முடித்து வந்து நின்றவர்கள்தான் கேட்பவர்கள். அந்த மேடை இன்று இல்லை. ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், அறை எதிரொலியை அடக்கச் சுவரில் தொங்கவிட்ட கம்பளி என்று லயத்து வீட்டிலேயே ஸ்டுடியோ வந்துவிட்டது. கொகால் குழலையும் பொறை மேளத்தையும் பதிவு செய்து, அடியில் பீட் ஓடவிட்டு, ஓர் இரவில் ஒரு டிராக்கை முடித்துவிடலாம். செய்வது எளிதாகிவிட்டது. செய்ததை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

நஞ்சியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டப்பாடியில் ஆடு மேய்த்துக்கொண்டே பாடிவந்த இருளர் பெண். 2020இல் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடினார். 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு பாட்டைத் தெரிந்தவர்களிடம் இன்னொரு இருளர் பாட்டைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். சினிமா என்ற ஏணி ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்றும். ஏறியவர் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஏணி வராத ஊர்களில் திறமை இல்லை என்று அதற்கு அர்த்தமாகாது.

ஏணி வராத அந்த இடத்தில் நிற்க வேண்டியதுதான் சிறிய இசை லேபிள். மின்னணு இசையே அப்படிப்பட்ட லேபிள்களால் பிழைத்த ஒன்று. கார்த் தொழில் நொடித்துக்கொண்டிருந்த டெட்ராய்ட் நகரத்தில் ஹுவான் அட்கின்ஸ் 1985இல் ‘மெட்ரோபிளெக்ஸ்’ லேபிளைத் தொடங்கி, தன் டெக்னோவைத் தானே வெளியிட்டார். நம் நாட்டுக் கதை இன்னும் கசப்பானது. சரண்ஜித் சிங் 1982இல் சிந்தசைசரில் பத்து ராகங்களை வாசித்துக் கொடுத்த இசைத்தட்டை வெளியிட்டது எச்.எம்.வி. விற்கவில்லை; மறந்துபோனார்கள். அதைத் தேடிப் பிடித்து 2010இல் மறுபடி வெளியிட்டது நெதர்லாந்திலுள்ள ஒரு குட்டி லேபிள். பிறகுதான் உலகம் அவர் வாசலுக்கு வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969 முதல் மூக் சிந்தசைசரில் பதிவான நாடாக்கள் 2023இல்தான் இசைத்தட்டாயின. அதையும் செய்தது லண்டனில் ஒரு சுயாதீன லேபிள். பெரியவர்கள் வெளியிடுவார்கள். காப்பாற்றுவது சிறியவர்கள் வேலையாகிவிடுகிறது.

அந்தச் சிறியவர்களின் கை எங்கே கட்டப்பட்டிருக்கிறது? பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் நேராகப் பாட்டு ஏற்ற முடியாது. விநியோகச் சேவை ஒன்று நடுவில் வேண்டும். சில சேவைகளில் ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் பாட்டு இறங்கிவிடும். ஏற்றிய தளமும் நிலைப்பதில்லை. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவிலிருந்து போனது, வின்க்கும் அதே ஆண்டு மூடியது. நேரடி விற்பனைக்கு உலகமெங்கும் சிறிய லேபிள்கள் நம்பியது பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியில் பெரும்பகுதியைக் கலைஞருக்குக் கொடுத்த தளம் அது. 2022இல் எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023இல் சாங்ட்ரேடருக்கு விற்றது. ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். அங்கே பணம் பேபால் வழியாக வரும். பேபாலோ 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. பெர்லினில் இருப்பவர் பாலக்காட்டுப் பாட்டை வாங்கலாம். பக்கத்துத் தெருக்காரர் வாங்கத் திண்டாட வேண்டும். டீக்கடையில் பத்து ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டு நகர்கிற நாட்டில் இந்த நிலை.

ஒரு பாட்டு பெரிதாக ஓடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’யை நினைவூட்டலாம். 2021 மார்ச்சில் சுயாதீன இசைக்கென்றே தொடங்கப்பட்ட ‘மாஜா’ தளத்தில் வெளிவந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, பாடலாசிரியர் அறிவுவின் பாட்டியின் நினைவு அதில் இருக்கிறது. தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் அதைத் தங்கள் பாட்டாகவே கேட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அதிலிருந்து தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். மாஜா தரப்பு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்குக் கணக்கேடு கைவசம் இல்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கணக்கே தெளியவில்லை என்றால், ஐந்நூறு பேர் கேட்ட பாட்டின் கணக்கை யார் கேட்பது?

இதற்கு நடுவே எந்திரங்களும் வரிசையில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் தங்களிடம் ஏற்றப்படும் பாட்டுகளில் 18 விழுக்காடு முழுக்கச் செயற்கை நுண்ணறிவு செய்தவை என்று டீசர் ஸ்ட்ரீமிங் தளம் 2025 ஏப்ரலில் சொன்னது. அந்தக் குவியலில் ஒரு மன்னான் கூத்துப் பதிவைத் தேடிக் கண்டுபிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலைதான்.

எல்லாப் பழியையும் வெளியே போட்டுவிடவும் மனம் வரவில்லை. சிற்றிதழ்க்காரர்களான நமக்கு இருக்கும் நோய் சிறிய லேபிள்காரர்களுக்கும் உண்டு. நட்பின் பேரில் எல்லாம் வாய்ப்பேச்சு, ஒப்பந்தம் கிடையாது. ஊருக்குப் போய்ப் பாட்டியைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு, டிராக்கில் ‘நாட்டுப்புறக் குரல்’ என்று மட்டும் போடும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. பீட் போட்டவருக்குப் பெயர் உண்டு, தொண்டைக்குச் சொந்தக்காரருக்குப் பெயர் இல்லை. வறுமை இதற்குச் சாக்கு ஆகாது. பெயர் போடக் காசு செலவாவதில்லை. நூறு ரூபாய் வந்தால் அந்த நூறு எப்படிப் பிரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டாத லேபிளுக்குப் பெரிய நிறுவனத்தைக் குறைசொல்லும் தகுதி இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. லேபிள் நடத்துகிறவர்களுக்கு முதல் கோரிக்கை: பாடியவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், பங்கைத் தாளில் எழுதுங்கள், மூலப் பதிவின் பிரதி ஒன்றை அந்த ஊரிலேயே வையுங்கள். இரண்டாவது, கேட்பவர்களுக்கு. பிடித்த பாட்டைச் செய்தவரிடம் நேராக யுபிஐ எண் கேட்டு ஐம்பது ரூபாய் அனுப்புங்கள். ஆயிரம் பேர் ஒருமுறை இலவசமாகக் கேட்பதைவிட இருபது பேர் கொடுத்து வாங்குவது அந்த லேபிளை அடுத்த பாட்டு வரை உயிரோடு வைக்கும். சிற்றிதழ்ச் சந்தாதாரரான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, அரசுகளுக்கு. தமிழ்நாட்டில் 1948 சட்டப்படியும் கேரளத்தில் 1989 சட்டப்படியும் நூலகத்துக்கென்று தனியே வரி வாங்குகிறார்கள். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த இயக்கத்தின் வாரிசுகளாக இந்த மலையோரங்களிலும் வாசகசாலைகள் திறந்திருக்கின்றன. அந்த வரியில் புத்தகம் வாங்கலாம், பத்திரிகை வாங்கலாம் என்றால், அந்த ஊர்மொழியில் பதிவான பாட்டையும் விலைகொடுத்து வாங்கி வைக்கலாம். ஒரு வாசகசாலைக்கு ஆண்டுக்குப் பத்து வெளியீடு போதும். கேட்க ஒரு ஸ்பீக்கரும் இரண்டு ஹெட்போனும் போதும். முதல் கட்டமாக அட்டப்பாடி, சித்தூர், தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

நூலக வரி ரசீது நம் வீட்டில் இருக்கிறது. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போவோம்.