வெள்ளை ஒயர்

போன அக்டோபரில் நண்பர் குடும்பமும் நாங்களும் ஐசன்ஹோவர் ஸ்டேட் பார்க்குக்கு கேம்பிங் கிளம்பினோம். பிளேனோவில் இருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் நேரா வடக்கே, டெனிசன் பக்கம், டெக்ஸோமா ஏரிக்கரை. எங்க மினிவேன் பின்னாடி, பழசா வாங்கிய சின்ன ட்ரெய்லர். கூடாரம், கயாக், இட்லிக் குக்கர் எல்லாம் அதில்தான். கிளம்பும்போது இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் எரிந்தது.

இருட்டிய பிறகு, பின்னால் வந்த நண்பரின் மனைவியிடம் இருந்து போன். "அண்ணா, நீங்க பிரேக் அடிச்சா ட்ரெய்லர் லைட் எல்லாம் அணைஞ்சிடுது. ரெண்டு தடவை கிட்ட வந்துட்டோம்."

என் வண்டியில் ரெண்டு பிள்ளைகள் தூங்கிட்டு இருந்தாங்க. அவங்க வண்டியிலும் ரெண்டு. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பல்பைக் கழற்றி மாட்டினேன், ஃப்யூஸ் பார்த்தேன். அப்புறம் கன்வர்ட்டர் மேல் சந்தேகம் வந்தது. எங்க வண்டியில் இண்டிகேட்டர் தனி, பிரேக் விளக்கு தனி. ட்ரெய்லரிலோ ரெண்டுக்கும் ஒரே பல்ப். இரண்டையும் சேர்த்து அனுப்புவது அந்தச் சின்னப் பெட்டிதான். புதுசு வாங்க அமேசானைத் திறந்தபோது, மதுரையில் விடிந்திருக்குமே என்று அப்பாவைக் கூப்பிட்டேன். பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனா இருந்தவர்.

"எர்த் பாத்தியாடா?"

பார்க்கவில்லை.

நாலு பின் பிளக்கில் பழுப்பு ஒயர் பின்விளக்குக்கு, மஞ்சள் இடது பக்கம், பச்சை வலது பக்கம். வெள்ளைதான் எர்த். மூன்றிலும் போகிற கரண்ட் திரும்பி வர அந்த ஒன்றுதான் வழி. அது விட்டுப்போனால் ஹிட்ச் பந்தின் இரும்பு வழியாகக் கொஞ்சம் திரும்பும். ஒரு விளக்கு மட்டும் போட்டால் அது போதும், பார்க்க எல்லாம் சரியா இருக்கும். ஹெட்லைட்டும் போட்டு பிரேக்கும் அடித்தால் தாங்காது. அந்தப் பந்திலும் கிரீஸ், ரோட்டில் குலுங்க வேறு செய்யும். வீட்டு வாசலில் ஓடுகிற புரோகிராம் புரொடக்‌ஷனில் படுத்த கதை! நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவே இல்லை.

அப்பா சொன்னபடி ஒரு ஒயரின் ஒரு முனையை ட்ரெய்லரின் வெறும் இரும்பிலும் மறுமுனையை வேனின் சேஸிலும் பிடித்தேன். மனைவி பிரேக்கை மிதித்தாள். பளிச்சென்று எரிந்தது. கன்வர்ட்டர் தப்பித்தது.

ட்ரெய்லரின் முன்பக்கம் அடியில் வெள்ளை ஒயரை முடுக்கிய ஸ்க்ரூ ஒரே துரு. முந்தைய உரிமையாளர் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார் போல. கையில் உப்புத்தாள் இல்லை, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருந்தது. இரும்பு மின்னும் வரை சுரண்டி, திரும்ப இறுக்கி முடுக்கினேன். வீட்டுக்கு வந்ததும் புது ரிங் டெர்மினல் போட்டு, மேலே டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசினேன். மொத்தச் செலவு பத்து டாலருக்குள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, ட்ரெய்லர் இரும்புக்கும் வண்டி பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் வோல்ட் பாருங்க. பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். ரெண்டு மூணு வோல்ட் காட்டினால் பல்பைக் கழற்றவே வேண்டாம். படகு இழுக்கிறவங்களுக்கு ஒன்று: தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிடுங்க. சூடான பல்பு குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

டெக்ஸாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திர பாதுகாப்புச் சோதனையே கிடையாது. சில கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும்தான். விளக்கு எரியுதா என்று வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

எங்க வீட்டில் பார்ப்பது ஒன்பது வயசுப் பொண்ணு. நான் ஹெட்லைட் போட்டு, பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரும் போடுவேன். டிரைவ்வேயில் தள்ளி நின்று "இடது... வலது..." என்று கத்துவாள். முதல் நாள் ரெண்டையும் மாற்றிச் சொன்னாள். தமிழ்ப் பள்ளியில் ரெண்டு வருஷமா வராதது, ட்ரெய்லரில் மூணே வாரத்தில் வந்துவிட்டது.